விலைக்கு வந்த கவிஞர்



கவிதைக்கு விலை உண்டா என்று நம் வட்டத்தில் பலமுறை வாதிட்டிருக்கிறோம். கவிஞருக்கே விலை வைத்த ஒரு நகரைப் பற்றி இன்று பேச விழைகிறேன். அப்பாசியக் கலீபாக்களின் பாக்தாத் அது. காலம் 8, 9ஆம் நூற்றாண்டுகள்.

பாடவும் கவிபுனையவும் பயிற்றப்பட்ட அடிமைப் பெண்களை அரபியர் 'கியான்' என்றனர். மொழி, யாப்பு, இசை, பழம்பாடல்கள் என விரிந்த கல்வி அவர்களுக்கு வாய்த்தது. ஆனால் கற்கக் கற்க ஏறியது அவர்களது விலை. ஆசிரியத் தொழிலில் இருக்கும் எனக்கு இதைச் சொல்லும்போதே நெஞ்சு உறுத்துகிறது.

அவர்களுள் ஒருவர் இனான். ('அவள்' என்னாமல் 'அவர்' என்றே சொல்வேன், கவிஞருக்குரிய மதிப்பு அது.) நாதிஃபி என்பவனின் உடைமை. அபூ நுவாஸ் போன்ற பெருங்கவிஞரோடு எதிர்ப்பாட்டுப் பாடியவர். கலீபா ஹாரூன் அல் ரஷீத் அவரை வாங்க விரும்பியபோது, உடைமையாளன் 1,00,000 தீனார் கேட்டான் என்பர். அவர் பெயருக்குக் கடிவாளவார் என்பது பொருள்!

10ஆம் நூற்றாண்டில் அபுல் ஃபரஜ் தொகுத்த 'கிதாப் அல் அகானீ' ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறது. அன்று இனான் நோயுற்றிருந்தார். மர்வான் என்னும் புகழ்பெற்ற கவிஞரை அழைத்துவந்த நாதிஃபி, வாயிலில் அவரை நிறுத்திவிட்டு முதலில் உள்ளே சென்று, "கவிஞருள் சிறந்தவரைக் கொணர்ந்துள்ளேன்" என்றான். மர்வானுக்கு நேரமில்லை என்றார் இனான். சாட்டை விழுந்தது. உள்ளே வந்த மர்வான் அழுகின்ற முகத்தைக் கண்டார். கண்ணீரை நூலறுந்து உதிரும் முத்தாக்கி உடனே ஓர் அடி பாடினார். நாமும் அப்படித்தான் பாடியிருப்போம் போலும்! இனானோ கண்ணைத் துடைக்குமுன், அதே யாப்பில், அதே இயைபில் மறு அடியைச் சொன்னார். அதில் முத்து இல்லை. சாட்டை இருந்தது, அதைப் பிடித்த கைக்குச் சாபம் இருந்தது. அடித்தவன் அருகிலேயே நின்றான். சாட்டைக்கு அஞ்சாத அடி அது.

மர்வான் வியந்து ஆணையிட்டார்: மனிதரிலும் ஜின்களிலும் இவரினும் சிறந்த கவிஞர் இருப்பின், என் அடிமைகள் அனைவரையும் விடுவிப்பேன்!

இனானை விடுவிப்பது பற்றி அந்நிகழ்ச்சியில் ஒரு சொல்லும் இல்லை.