மலேரியாவும் பிரயாணியும்

நுளம்பு ஒன்று இருவரைக் கடிக்கின்றது. ஒருவர் மேற்கு ஆபிரிக்கக் கிராமமொன்றிலே பிறந்து வளர்ந்து அங்கேயே வாழ்பவர். மற்றவர் அக்கிராமத்துக்கு முதன்முறையாக வந்த ஐரோப்பியப் பிரயாணி. இருவர் உடலிலும் புகுந்தது ஒரே வகை ஒட்டுண்ணி. ஆயினும் கிராமத்தவர் இரண்டொரு நாள் உடல் நோவும் இலேசான காய்ச்சலும் கண்டு, மீண்டும் தம் வயலுக்குச் செல்கின்றார். பிரயாணியோ பத்துப் பன்னிரண்டு நாட்களில் கடுங்காய்ச்சலுற்று, தக்க மருந்து உரிய வேளையிற் கிடையாவிடின், நினைவிழந்து உயிருக்குப் போராடுகின்றார். இவ்வேறுபாட்டுக்குக் காரணம் யாது?

நுளம்பின் உமிழ்நீரோடு உட்புகும் மலேரியா ஒட்டுண்ணிகள் முதலில் ஈரலை அடைகின்றன. அங்கே ஏறக்குறைய ஒரு வாரம் வெளியே தெரியாமற் பெருகிப் பின்னர் குருதியிற் கலந்து செங்குழியங்களுட் புகுகின்றன. ஒரு குழியம் வெடிக்க, அதிலிருந்து வெளிவரும் பல ஒட்டுண்ணிகள் வேறு குழியங்களைத் தாக்குகின்றன. இவ்வாறு குழியங்கள் வெடிக்கும்போதே குளிரும் நடுக்கமும் காய்ச்சலும் தோன்றும். இவ்வொட்டுண்ணிகளுள் மிகக் கொடியது பிளாஸ்மோடியம் பல்சிபாரம். இது புகுந்த செங்குழியங்கள் நுண்ணிய குருதிக் குழாய்களின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். மூளையில் இவ்வாறு அடைப்பு நேருமாயின் நோயாளி உணர்விழப்பார்.

சின்னமுத்து ஒருமுறை வந்து நீங்கினால் பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் மீண்டும் வருவதில்லை. மலேரியா அத்தகையதன்று. அதன் ஒட்டுண்ணி தன் மேற்பரப்பை அடிக்கடி மாற்றி, உடலின் காவலை ஏய்க்க வல்லது. ஆகவே, பல ஆண்டுகள் மீண்டும் மீண்டும் நோயுற்றுப் பிழைத்தவர்க்கே ஓரளவு பாதுகாப்பு உண்டாகின்றது. இதனையே பகுதி நிர்ப்பீடனம் என்பர். இது நுளம்புக் கடியையோ ஒட்டுண்ணியின் வரவையோ தடுப்பதில்லை. ஒட்டுண்ணி பெருகும் அளவைக் கட்டுப்படுத்தி, நோயின் கடுமையைத் தணிக்கின்றது. 1961 ஆம் ஆண்டில் கொஹன், மக்கிரெகர், கரிங்டன் என்னும் மூவர் இதனைத் தெளிவாக்கினர். காம்பியா நாட்டு வளர்ந்தோரின் குருதியிலிருந்து பிறபொருளெதிரிகள் அடங்கிய பகுதியைப் பிரித்து, மலேரியாவால் வருந்திய குழந்தைகளுக்கு அவர்கள் ஏற்றினர். குழந்தைகளின் குருதியில் ஒட்டுண்ணிகள் பெரிதும் குறைந்தன.

எனினும், இப்பாதுகாப்புக்கு அச்சமூகங்கள் கொடுக்கும் விலை பெரிது. ஆபிரிக்காவில் மலேரியாவால் இறப்போருட் பெரும்பாலோர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகளே. வளர்ந்தோரிடம் காணப்படும் வலிமை, அவ்வயதைக் கடந்து பிழைத்தவர்களின் வலிமையாகும்.

நிர்ப்பீடனம் இல்லாத மக்களிடையே மலேரியா பரவினால் நேர்வது யாது என்பதை இலங்கை 1934 ஆம் ஆண்டிற் கண்டது. அவ்வாண்டு தென்மேற் பருவமழை பொய்த்தது. தெதுறு ஓயா, மகா ஓயா போன்ற ஆறுகள் வற்றிக் குட்டைகளாயின. அவற்றில் மலேரியா நுளம்பு பெருகியது. உலர் வலயத்து மக்கள் தலைமுறை தலைமுறையாக இக்காய்ச்சலோடு வாழ்ந்தவர்கள். அவர்களிடையே சேதம் ஒப்பளவிற் குறைவாயிருந்தது. குருநாகல், கேகாலைப் பகுதிகளில் ஈரலிப்பான நிலத்தில் வாழ்ந்த மக்களோ இந்நோய்க்குப் பெரும்பாலும் புதியவர்கள். பஞ்சமும் போசாக்கின்மையும் சேர, கொள்ளைநோய் அவர்களைக் கடுமையாகத் தாக்கியது. 1935 முடிவதற்குள் நாட்டில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர்.

இனி, பிறந்த ஊரைவிட்டுப் பிரிந்தவரின் நிலையை நோக்குவோம். பகுதி நிர்ப்பீடனம் இரவல் வாங்கிய கவசம் போன்றது. ஒட்டுண்ணியோடு உள்ள தொடர்பு அற்றுப்போனால் அது படிப்படியாகத் தேய்கின்றது. இலண்டனிற் பல்லாண்டு வாழ்ந்த மேற்கு ஆபிரிக்கர் ஒருவர் உறவினரைக் காண ஊர் திரும்பும்போது, "எங்கள் ஊர்க் காய்ச்சல் எனக்கு என்ன செய்யும்?" என எண்ணித் தடுப்பு மாத்திரையைத் தவிர்ப்பாராயின், அவர் தேய்ந்த கவசத்தையே நம்புகின்றார். உடன் செல்லும் பிள்ளைகள் இலண்டனிற் பிறந்தவர்களாயின், அவர்களுக்கு அக்கவசம் ஒருபோதும் இருந்ததில்லை.

பிரித்தானியாவில் 1987 முதல் 2006 வரை பதிவான 25,000 க்கு மேற்பட்ட பல்சிபாரம் நோயாளரைப் பற்றிய ஆய்வு இங்கு நோக்கத்தக்கது. உல்லாசப் பிரயாணம் சென்று நோயுற்றவர்களுள் 100 க்கு 3 பேர் இறந்தனர். உறவினரைக் காணச் சென்று நோயுற்றவர்களுள் 1,000 க்கு ஏறக்குறைய 3 பேரே இறந்தனர். முன்னைய நிர்ப்பீடனத்தின் எச்சமும், நோயை விரைவில் இனங்காணும் பழக்கமும், வயது வேறுபாடும் இதற்குக் காரணமாகலாம். ஆயினும், தொகையில் நோயுற்றோர் உறவினரைக் காணச் சென்றவருள்ளேயே மிகுதியாயிருந்தனர். அவர்களுள்ளும் சிலர் இறந்தனர் என்பதை மறத்தலாகாது.

இச்செய்தி இலங்கையர்க்கு இன்று மிகவும் பொருந்துவது. இந்நாட்டின் சுதேச மலேரியா இறுதியாக 2012 இற் பதிவாயிற்று. 2016 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடெனச் சான்றளித்தது. இஃது அரும்பெரும் வெற்றி. ஆனால், வன்னியிலும் அநுராதபுரத்திலும் முன்னோர் பெற்றிருந்த பகுதி நிர்ப்பீடனம் இளந்தலைமுறையினரிடம் இல்லை. இளமையில் மலேரியாக் கண்ட முதியவரும் அதனை நம்பிப் பிரயாணஞ் செய்தல் தகாது. இரத்தினக்கல் வணிகத்துக்காக ஆபிரிக்கா செல்பவரும், இந்தியாவுக்குத் தலயாத்திரை செல்பவரும் நோயை எதிர்கொள்வது வெற்றுடம்போடுதான்.

மறுபுறம், மலேரியா நிலவும் நாட்டிலிருந்து வரும் ஒருவர், பகுதி நிர்ப்பீடனத்தின் காரணமாக, நோயின் குறி எதுவுமின்றி ஒட்டுண்ணியைச் சுமந்து வரலாம். அதனைப் பரப்பவல்ல நுளம்பு இலங்கையில் இன்றும் உண்டு.

ஆதலின், பிரயாணத்துக்கு முன் மலேரியா தடை இயக்கத்தின் ஆலோசனை பெற்று, விதித்த மாத்திரைகளை விதித்த காலம்வரை உட்கொள்ளல் வேண்டும். திரும்பிய பின் சில வாரங்களிலோ, மாதங்கள் கழித்தோ காய்ச்சல் கண்டால், தாம் சென்று வந்த நாட்டின் பெயரை வைத்தியரிடம் முதலிற் கூறிக் குருதிப் பரிசோதனையைக் கேட்டுப் பெறுதல் வேண்டும். காய்ச்சலென்றால் டெங்கு நோயையே முதலில் எண்ணும் இக்காலத்தில், நோயாளி கூறும் அந்த ஒரு சொல்லே அவர் உயிரைக் காக்கக்கூடும்.