பாலை வழியே சிறு விமானம்

சாமுண்டி மலையினின்று மண்டகள்ளி விமான நிலையத்தை நோக்கும்போது, வானில் எழுதல் எளிதென்றே நமக்குத் தோன்றுகிறது. எழுமுன் தரையில் போடவேண்டிய கணக்கு நம் கண்ணுக்குப் புலனாவதில்லை.

1932 அக்டோபர் 15 அன்று அதிகாலையில், ஜே. ஆர். டி. டாட்டா ஒற்றை எஞ்சின் கொண்ட 'புஸ் மாத்' விமானத்தில் தபாலுடன் கராச்சியினின்று தனியே புறப்பட்டார். அகமதாபாத்தில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு பம்பாய் ஜுஹுவை அடைந்தார். பின்னர் நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகத் தபாலைச் சென்னை சேர்த்தார்.

வறண்ட நிலங்களுக்குப் பறப்போர் அதிகாலையை நாடுவதற்குக் காரணம் உண்டு. வெப்பம் ஏறினால் காற்றின் அடர்த்தி குறையும். இறக்கையின் தாங்குதிறனும் எஞ்சினின் வலிமையும் உடன் குறையும். கடல் மட்டத்து நிலையமொன்றில் வெப்பம் 40 டிகிரியானால், விமானம் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பதுபோல் இயங்கும். அது நம் மைசூரின் உயரத்தினும் மிகுதி. ஓடுபாதையில் ஓடும் தூரமும் நீளும்.

ஆகவே ஜோத்பூருக்கோ ஜெய்சல்மேருக்கோ செல்ல எண்ணுவோர் விடியலில் புறப்படல் வேண்டும். சுமையைக் குறைத்தல் வேண்டும். புழுதிக்காற்று நிலையத்தை மறைத்தால் வேறிடம் சேர எரிபொருள் வைத்திருத்தல் வேண்டும். அவ்விரு நிலையங்களும் விமானப் படையின் பொறுப்பில் உள்ளமையால் முன் அனுமதியும் பெறல் வேண்டும்.

உடன்வர விழையும் நண்பரிடம், "இன்று இடமில்லை" என்று கூறுவது நமக்குக் கூச்சமாக இருக்கலாம். எனினும் அச்சொல்லே அவரையும் நம்மையும் காக்கும்.