மேட்டு நிலமும் பத்து ஆடுகளும்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இக்காலனியில் வாழும் நம்மிற் பலர்க்குச் சொந்த ஊரில் சில ஏக்கர் மானாவாரி நிலம் உண்டு. தண்ணீர் ஏறாத மேட்டு நிலம். விடுமுறைக்குச் செல்லுந்தோறும் "அதை விற்றுவிடலாமே" என்ற பேச்சு வீட்டில் எழுகின்றது. விற்குமுன் சிறிது எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதே என் விண்ணப்பம். அத்தகைய நிலத்துக்கு நம் முன்னோர் கண்ட நற்பயன் செம்மறி ஆடு.

காங்கேயம், தாராபுரம், கரூர்ப் பக்கத்து மேய்ச்சல் நிலத்தைக் கொறங்காடு என்பர். சுற்றிலும் கிளுவை வேலி. உள்ளே கொழுக்கட்டைப் புல். இடையிடையே வெள்வேல மரங்கள். மழைக்குப் புல் தழைக்கும். கோடையில் வெள்வேலங்காய் உதிர்ந்து தீனியாகும். காட்டைப் பகுதிகளாகத் தடுத்து, ஒன்றை மேயவிட்டு, மற்றதை வளரவிடுவர். வேலி இருப்பதால் நாள் முழுதும் ஆட்டின் பின்னே நடக்க வேண்டுவதில்லை.

அங்கு மேய்வது பெரும்பாலும் மேச்சேரி ஆடு. வெளிர் பழுப்பு நிறம். கொம்பும் இல்லை, கம்பளியும் இல்லை. இறைச்சிக்கும் தோலுக்கும் பெயர் பெற்றது. சேலம் மாவட்டம் பொட்டனேரியில் இவ்வினத்துக்கென்றே ஆராய்ச்சி நிலையம் உள்ளது.

நான் ரயில்வேயில் கணக்கெழுதிப் பிழைப்பவன்; ஆகையால் கணக்காகவே சொல்கிறேன். தொடக்கத்திற்குப் பத்துப் பெட்டை ஆடும் ஒரு கிடாயும் போதும். சினைக்காலம் 5 மாதம். ஈற்றுக்குப் பெரும்பாலும் ஒரு குட்டி. ஆண்டுக்குப் பத்துக் குட்டி பிறந்து, இரண்டு தவறினால் எட்டு நிற்கும். பாதி கிடாய் எனக் கொண்டால் அந்நான்கையும் விற்கலாம். பெட்டை நான்கில் நல்லன இரண்டை நிறுத்தி, மற்ற இரண்டையும் கிழடான தாய் ஆடு இரண்டையும் கழிக்கலாம். ஆக எட்டு ஆடு விற்றும் மந்தை குறையாது. இது பெருஞ்செல்வமன்று, எனினும் பள்ளிக் கட்டணத்துக்கும் மருத்துவச் செலவுக்கும் வட்டிக்கடை ஏறாமற் காக்கும். எருவோ தனி வரவு. "ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறு வருஷம்" என்பது உழவர் வாக்கு.

செய்ய வேண்டுவன சிலவே. ஆனால் காலத்தில் செய்ய வேண்டும். மழைக்குப்பின் இளம்புல்லை ஆவலோடு மேய்ந்த கொழுத்த குட்டிகளே துள்ளுமாரிக்கு முதலில் இரையாகும். ஆதலின் மழைக்கு முன்பே தடுப்பூசி போட வேண்டும். ஆட்டுக்கொல்லி நோய்க்கும் தடுப்பூசி உண்டு. குடற்புழு மருந்தை மறக்கலாகாது. பட்டி ஈரமின்றி இருக்க வேண்டும். தான் ஈன்ற பெட்டைகளோடு சேராதபடி, கிடாயை இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

இவற்றையெல்லாம் யார் பார்ப்பது? இதுவே உண்மையான கேள்வி. இங்கிருந்து பணம் அனுப்புவதால் மட்டும் ஆடு வளராது. ஊரிலிருக்கும் அண்ணனோ, விதவைத் தங்கையோதான் விடியலில் பட்டி திறக்க வேண்டும். அவர்களை ஏவலாளாக எண்ணினால் முயற்சி ஓராண்டில் முடிந்துவிடும். ஆடு வாரத்துக்கு விடும் வழக்கம் நமக்குப் புதிதன்று. முதல் நம்முடையது, பிறக்கும் குட்டிகளிற் பாதி வளர்ப்பவருக்கு என முன்பே பேசி முடிப்போம். பஞ்சம் வந்து புல் கருகினால், நம் பதிலுக்குக் காத்திராமல் விற்கும் உரிமையையும் அவர்களுக்கே கொடுப்போம். மெலிந்தபின் விற்கும் ஆட்டுக்கு விலையில்லை.

கிளுவை வேலியைப் பிரித்து மனைகளாக அளந்துவிட்ட கொறங்காடு மீண்டும் கொறங்காடு ஆவதில்லை. அடுத்த விடுமுறையில் பத்திர எழுத்தரிடம் போகுமுன், ஒருநாள் அந்நிலத்தை நடந்து பாருங்கள். வீட்டிலுள்ளோருடன் கலந்து பேசுங்கள்.