பறவை தங்கும் ஊர்கள்
(கிராம சபைக் கூட்டம் ஒன்றில் கல்லூரி மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)

 

கண்மாய்க்கு அருகே அய்யனார் கோயிலை ஒட்டியுள்ள ஊராட்சித் தோப்பின் மரங்களை வெட்டி, அவ்விடத்தில் கடைகள் கட்டி வாடகைக்கு விடுவது பற்றி இன்று முடிவு செய்ய இருக்கின்றீர்கள். அதற்கு முன்னர் எனக்குச் சில நிமிடங்கள் அளித்தமைக்கு நன்றி. உங்கள் கண்முன் வளர்ந்த பிள்ளை நான்; உங்களுக்கு அறிவுரை கூற வரவில்லை. பொங்கல் விடுமுறையில் நம் மாநிலத்தின் நான்கு ஊர்களுக்குச் சென்று வந்தேன். அங்கே கண்டதையும் கேட்டதையும் உங்கள் முன் வைக்கவே வந்தேன்.

முதலில் செங்கற்பட்டு மாவட்டத்தின் வேடந்தாங்கலுக்குச் சென்றேன். நாம் அதனை அரசாங்கத்தின் சரணாலயம் என்றே அறிந்திருக்கின்றோம். ஆனால் அது முதன்முதலில் ஊராரின் சரணாலயமாகவே இருந்தது. வெள்ளையர் ஆட்சிக் காலத்தில் படைவீரர்கள் அங்கு வந்து பறவைகளைச் சுட்டனர். ஊரார் மாவட்ட ஆட்சியரிடம் முறையிட்டு, 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே, அப்பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்து மூலம் பெற்றனர். 1858இல் அவ்வுரிமை புதுப்பிக்கப்பட்டது. வனவிலங்குச் சட்டம் என்று ஒன்று தோன்றாத காலத்தில், ஏர் பிடித்த மக்கள் இதனைச் செய்தார்கள்.

ஏன் செய்தார்கள் என்று கேட்டேன். ஏரிக்கரையில் நின்ற முதியவர் ஒருவர் ஏரி நீரைக் காட்டினார். நீரில் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் நத்தைக்குத்தி நாரைகளும், நீர்க்காகங்களும், கரண்டிவாயன்களும் கூடு கட்டுகின்றன. அவற்றின் எச்சம் நீரில் விழுந்து கரைகின்றது. அதிலுள்ள தழைச்சத்தும் மணிச்சத்தும் மதகு வழியே வயலுக்குப் பாய்கின்றன. நத்தைக்குத்தி நாரை வயலில் இறங்கி நத்தைகளைத் தின்கின்றது. பறவைக்கு ஏரி இடம் தருகின்றது. பறவை ஏரி நீரை உரமாக்குகின்றது. படிப்பறிவு இல்லாதார் என்று நாம் எண்ணும் நம் முன்னோர் இந்தக் கணக்கை நன்கு அறிந்திருந்தனர்.

அடுத்து, சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூருக்கு அருகிலுள்ள கொள்ளுக்குடிப்பட்டிக்குச் சென்றேன். அங்கும் வேட்டங்குடியிலும் உள்ள கண்மாய்கள் 1977இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. அவ்வூரார் பல தலைமுறையாகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. வெடிச் சத்தத்தால் பறவைகள் கலைந்துவிடும் என்பதே காரணம். பெரியோர்களே! தனக்கு இலாபம் தரும் ஒன்றைக் காப்பது எளிது. ஆண்டுக்கொரு முறை வரும் பண்டிகையின் மகிழ்ச்சியை, வாய் பேசாத உயிருக்காகக் குழந்தைகளும் விட்டுக்கொடுப்பது எளிதன்று. பண்பாடு என்பது மேடையில் ஆடும் ஆட்டத்திலும் பாடும் பாட்டிலும் மட்டும் இல்லை. ஓர் ஊர் எதனைச் செய்யாமல் இருக்கின்றது என்பதிலும் இருக்கின்றது என்று அங்கே உணர்ந்தேன்.

மூன்றாவதாக, மதுரை மாவட்டம் மேலூர் வட்டத்திலுள்ள அரிட்டாபட்டி. அங்கே மலைக்குகையில் ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய தமிழிக் கல்வெட்டுகள் உள்ளன. சமண முனிவர் தங்கிய கற்படுக்கைகள் உள்ளன. பாண்டியர் காலத்துக் குடைவரைச் சிவன் கோயில் உள்ளது. அதே மலைகளில் வல்லூறுகளும் கழுகுகளும் கூடு கட்டி வாழ்கின்றன. மலையில் பெய்யும் மழை சுனைகளில் ஊறி, ஓடைகளில் இறங்கி, கண்மாய்களை நிரப்புகின்றது. மலையைப் புனிதமாக எண்ணியவர்கள் தம் நீர்நிலையையும் சேர்த்தே காத்தார்கள். 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஆகிய ஊர்களின் 193 எக்டேர் நிலப்பரப்பு, நம் மாநிலத்தின் முதலாவது பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது.

இரண்டாண்டு கழித்து, 2024 நவம்பரில், அவ்வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கம் அமைக்க ஏலம் விடப்பட்ட செய்தி வந்தது. கிராம சபைகள் கூடி எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றின. டிசம்பரில் சட்டமன்றமும் தீர்மானம் இயற்றியது. 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு அந்த ஏலத்தை இரத்து செய்தது. இன்று நாம் கூடியிருப்பது போன்ற ஒரு கூட்டத்தில் கைதூக்கிய மக்களின் சொல் தலைநகர் வரை சென்றது. கிராம சபை எவ்வளவு வலியது என்பதைப் பாடப் புத்தகத்தில் படித்திருக்கின்றேன். அங்குதான் நேரில் கண்டேன்.

நான்காவது ஊர் திருநெல்வேலி மாவட்டத்தின் கூந்தன்குளம். அங்கே பறவைகள் குளத்தில் மட்டும் இல்லை. தெருவிலும் கொல்லையிலும் உள்ள மரங்களில் நாரைகள் குடும்பம் நடத்துகின்றன. வாசலெல்லாம் எச்சம், காற்றில் மீன் வாடை. ஊரார் முகம் சுளிப்பதில்லை. எச்சத்தை வாரி வயலுக்கு உரமாக இடுகின்றனர். கூட்டிலிருந்து தவறி விழும் குஞ்சுகளை எடுத்து உணவூட்டி வளர்க்கின்றனர்.

அதைக் கேட்டபோது நான் வெட்கித் தலை குனிந்தேன். காரணத்தை மறைக்காமல் சொல்லிவிடுகின்றேன். பத்து வயதில் நம் அய்யனார் தோப்பில் உண்டிவில்லால் கொக்கை அடித்தவன் நான். கூட்டிலிருந்த முட்டைகளை எடுத்து உடைத்தவர்களில் நானும் ஒருவன். அப்பொழுது எங்களைக் கண்டித்தவர் கோயில் பூசாரித் தாத்தா ஒருவரே. “இது அய்யனார் மரமடா, இதில் கூடு கட்டியது அவர் வீட்டு விருந்தாளியடா” என்றார். நாங்கள் சிரித்தோம். நான்கு ஊர்களைச் சுற்றிய பின்புதான் அவர் சொன்னதன் பொருள் எனக்கு விளங்கியது. அவர் இன்று நம்மிடையே இல்லை.

பெரியோர்களே! ஊராட்சிக்கு வருமானம் தேவை. அதனை மறுத்துப் பேச எனக்குத் தகுதி இல்லை. தெருவிளக்கும் குடிநீரும் பணமின்றி வாரா. ஆனால் கடைகளைப் பேருந்து நிறுத்தத்தின் அருகே வெற்றாகக் கிடக்கும் ஊராட்சி மனையிலும் கட்டலாம். வாங்குவோர் வந்து நிற்கும் இடமும் அதுவே. கடையை எவ்விடத்திலும் கட்ட முடியும். இத்தோப்பின் மருத மரங்களையும் இலுப்பை மரங்களையும் நம் வாழ்நாளில் மீண்டும் வளர்த்துவிட முடியாது. அறுவடை நாளில் களைத்து வருவோர்க்கு நிழலும், ஊர்க்கூட்டத்திற்கு இடமும், பறவைக்குக் கூடும் அத்தோப்பே தருகின்றது.

ஆகவே மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றேன். முதலாவது, மரம் வெட்டும் முடிவை இன்று எடுக்காமல் அடுத்த கூட்டத்திற்கு ஒத்திவைத்து, மாற்றிடத்தை ஆராய வேண்டும். இரண்டாவது, 2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியும் அமைக்க வேண்டிய பல்லுயிர் மேலாண்மைக் குழுவை, நம் ஊரில் பெயரளவில் இல்லாமல் செயலளவில் நடத்த வேண்டும். மூன்றாவது, அக்குழு தயாரிக்க வேண்டிய மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் நம் மரம், செடி, பறவை, மீன், நெல் வகை அனைத்தையும் எழுத வேண்டும். வேடந்தாங்கல் மக்கள் தம் உரிமையை எழுத்தில் பெற்றதனால்தான், பின்வந்தவர்கள் அதனைக் காட்டிப் பேச முடிந்தது. எழுதும் வேலையை நானும் என் நண்பர்களும் ஊதியமின்றிச் செய்கின்றோம். ஆனால் எந்த மீன் எந்த மாதத்தில் கண்மாயில் ஏறும், எந்த மூலிகை எந்த வரப்பில் முளைக்கும் என்பதை நீங்கள்தான் எங்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் கல்லூரியில் அதற்குப் புத்தகம் இல்லை.

பறவை பார்க்க நான் நூற்றுக்கணக்கான கல் தொலைவு சென்றேன். திரும்பி வந்த அன்று மாலை நம் தோப்பில் நின்று எண்ணினேன். மருத மரம் ஒன்றில் மட்டும் பதினான்கு கூடுகள் இருந்தன. இருபது ஆண்டுகளாக அம்மரத்தின் கீழ் நடந்தவன், அன்றுதான் முதன்முறையாகத் தலை நிமிர்ந்து பார்த்தேன். கைதூக்கும் முன் நீங்களும் ஒரு மாலை அங்கு வந்து பார்க்குமாறு வேண்டி அமைகின்றேன்.