சீஸின் ருசி யாருக்குச் சொந்தம்?

கதைக்குப் பதிப்புரிமை உண்டு, பாட்டுக்கு உண்டு, ஓவியத்துக்கு உண்டு. வாசனைக்கு உண்டா? 2006 ஜூனில் ஐரோப்பாவின் இரண்டு உச்ச நீதிமன்றங்கள் மூன்றே நாள் இடைவெளியில் இதற்கு நேரெதிரான பதில்களைச் சொல்லின.

ஜூன் 13, பிரான்ஸ். சென்ட் தயாரித்த ஒரு பெண்மணி அதற்குப் பதிப்புரிமை கேட்டார். அது தொழில்திறன்தான், படைப்பு ஆகாது என்று மறுத்துவிட்டார்கள்.

ஜூன் 16, நெதர்லாந்து. லாங்கோம் நிறுவனத்தின் ‘ட்ரெஸோர்’ சென்ட்டைப் போலவே மணக்கும் ‘ஃபீமேல் ட்ரெஷர்’ என்ற மலிவு சென்ட்டை கெகோஃபா நிறுவனம் விற்றுவந்தது. இங்கே லாங்கோம் ஜெயித்தது. பாட்டிலில் இருக்கும் திரவம் வேறு, அதன் மணம் வேறு. அந்த மணம் தனித்தன்மையோடு இருந்தால் அதுவும் படைப்புதான் என்றது நீதிமன்றம்.

மணத்துக்கு உண்டென்றால் ருசிக்கு ஏன் கூடாது? அதே நெதர்லாந்தில் இந்தக் கேள்வியும் எழுந்தது. ‘ஹெக்ஸன்காஸ்’ என்பது கிரீம் சீஸில் பச்சை மூலிகைகள் கலந்து ரொட்டியில் தடவிச் சாப்பிடுவது. 2007இல் ஒரு காய்கறி வியாபாரி உருவாக்கியது. பிறகு லெவோலா நிறுவனத்தின் கைக்குப் போனது. 2014இல் ஸ்மில்டே நிறுவனம் அதேபோன்ற சீஸைத் தயாரித்து சூப்பர் மார்க்கெட்டுக்குக் கொடுக்க, எங்கள் ருசியை நகலெடுத்துவிட்டார்கள் என்று லெவோலா வழக்குப் போட்டது.

வழக்கு ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் வரை போய், 2018 நவம்பர் 13 அன்று தீர்ப்பு வந்தது. ருசிக்குப் பதிப்புரிமை இல்லை.

காரணத்தைக் கவனியுங்கள். சமையல் கலையா இல்லையா என்ற விவாதத்துக்குள் நீதிபதிகள் போகவே இல்லை. எது பாதுகாக்கப்படுகிறது என்பதை எவரும் ஐயமின்றி அடையாளம் காண முடிய வேண்டும், இல்லாவிட்டால் போட்டியாளர் எதைத் தொடக் கூடாது என்று எப்படித் தெரிந்துகொள்வார் என்று கேட்டார்கள். ருசியோ சாப்பிடுபவரின் வயது, பழக்கம், விருப்பம், சாப்பிடும் சூழல் எல்லாவற்றையும் பொறுத்து மாறுவது.

அப்படியானால் லெவோலாவுக்கு ஒன்றுமே இல்லையா? செய்முறைக்குக் காப்புரிமை இருந்தது. பெயருக்கு வணிகச் சின்னம் இருந்தது. நாக்கில் படும் ருசி மட்டும் பொதுச்சொத்து.

ஆனால் தீர்ப்பில் ஒரு நிபந்தனை உண்டு: அறிவியலின் இன்றைய நிலையில் ருசியைத் துல்லியமாக அளந்து அடையாளம் காட்ட வழியில்லை என்றுதான் சொன்னார்கள். அப்படியொரு கருவி வந்துவிட்டால், லெவோலா கேட்ட கேள்வியை இன்னொருவர் மறுபடி கேட்கலாம்.