சாட்சிக் கையெழுத்தும் ஜாமீன் கையெழுத்தும்



சட்டமும் அரசியல் அறிவியலும் படித்து இன்று பட்டம் பெறுபவர்கள் நிறைந்த அவை இது. எனவே பொதுவான அறிவுரைகளை விட்டுவிட்டு, உங்கள் துறைக்குள்ளிருந்தே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். இஸ்ரேல் – பாலஸ்தீன அமைதிக்கு உலக நாடுகளின் ஆதரவு இருக்கிறது என்று அடிக்கடி படிக்கிறோம். அந்த ஆதரவுக்கு என்ன பெறுமதி?

எண்ணிக்கையில் குறைவில்லை. 2025 செப்டம்பர் 12 அன்று, இரு நாடுகள் தீர்வை வலியுறுத்தும் நியூயார்க் பிரகடனத்தை ஐ.நா. பொதுச்சபையில் 142 நாடுகள் ஆதரித்தன. 10 நாடுகள் எதிர்த்தன. ஆதரித்தவற்றுள் இந்தியாவும் ஒன்று. அதே மாதம் பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, பிரான்ஸ் ஆகியவை பாலஸ்தீனத்தைத் தனி நாடாக அங்கீகரித்தன. நாம் 1988-லேயே அங்கீகரித்துவிட்டோம்.

கடன் பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போடுபவர் காபி குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் அப்படிப் போக முடியாது. கடன் தீரும்வரை அவர் தலையிலும் பாரம் உண்டு. மேற்காசிய அமைதிக்குச் சாட்சிகள் என்றைக்கும் ஏராளம். ஜாமீன்தாரர்கள் எப்போது இருந்தார்கள், எப்போது இல்லை என்பதை மூன்று இடங்களைக் கொண்டு பார்ப்போம்.

முதலாவது காஸா. 1956 சூயஸ் போருக்குப் பிறகு ஐ.நா. தன் முதல் ஆயுதமேந்திய அமைதிப்படையை அங்கே நிறுத்தியது. எல்லையின் எகிப்துப் பக்கத்தில் மட்டும்தான் நிறுத்த முடிந்தது; தன் மண்ணில் அந்தப் படைக்கு இடம் தர இஸ்ரேல் மறுத்துவிட்டது. 1967-ல் அதன் தளபதி ஓர் இந்தியர், மேஜர் ஜெனரல் இந்தர் ஜித் ரிக்யே. அந்த ஆண்டு மே 16 இரவு எகிப்து அதிகாரி ஒருவர் அவரிடம் ஒரு கடிதத்தைக் கொடுத்தார். எல்லையிலிருந்து உங்கள் படைகளை விலக்கிக்கொள்ளுங்கள் என்பதே அதன் சாரம். எகிப்தின் சம்மதத்தின் பேரில் நின்ற படை. சம்மதம் போனதும் நிற்க வழியில்லை. பொதுச்செயலாளர் ஊ தாண்ட் இரண்டே நாட்களில் இசைந்தார். ஜூன் 5 அன்று போர் வெடித்தது. ஊர் திரும்பக் காத்திருந்த இந்திய வீரர்களில் சிலர் காஸாவிலேயே உயிரிழந்தார்கள்.

இரண்டாவது சினாய். 1979-ல் எகிப்தும் இஸ்ரேலும் அமைதி ஒப்பந்தம் செய்தபோது, அதை எழுதியவர்கள் அந்த மே மாதத்தை மறக்கவில்லை. எல்லையில் நிறுத்தப்படும் பன்னாட்டுப் படையை எந்தத் தரப்பும் தனியாக வெளியேற்ற முடியாது. இருவரும் ஒப்ப வேண்டும், அல்லது பாதுகாப்பு அவையின் ஐந்து நிரந்தர உறுப்பினர்களும் சேர்ந்து ஆதரித்து வாக்களிக்க வேண்டும் என்று எழுதிவைத்தார்கள். சோவியத் எதிர்ப்பால் ஐ.நா. படை அமையாது என்றானபோதும் திட்டத்தைக் கைவிடவில்லை. 1981-ல் ஐ.நா.வுக்கு வெளியே ஒரு பன்னாட்டுக் கண்காணிப்புப் படையை உருவாக்கினார்கள். 1982 ஏப்ரல் 25, இஸ்ரேல் சினாயை விட்டு வெளியேறிய அதே நாளில், அது பொறுப்பேற்றது. எல்லைப்பகுதி நான்கு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டது; எந்த மண்டலத்தில் எத்தனை வீரர், எவ்வளவு ஆயுதம் என்பது ஒப்பந்தத்தின் பிற்சேர்க்கையில் இருக்கிறது. நான்காவது மண்டலம் இஸ்ரேலுக்குள்ளேயே அமைந்தது. ஒப்பந்தம் செய்த எகிப்து அதிபர் சதாத் 1981-ல் கொல்லப்பட்டார். கெய்ரோவிலும் ஜெருசலேமிலும் எத்தனையோ ஆட்சிகள் மாறின. இரு நாடுகளுக்கும் இடையே இன்றுவரை போர் மூளவில்லை.

மூன்றாவது, மேற்குக் கரை நகரமான ஹெப்ரான். 1994 பிப்ரவரி 25 அன்று இப்ராஹிமி மசூதியில் தொழுகையில் இருந்த 29 பேரை ஒரு யூதக் குடியேற்றவாசி சுட்டுக் கொன்றார். அதைத் தொடர்ந்து அந்த நகருக்குப் பன்னாட்டுப் பார்வையாளர்கள் வந்தார்கள். 1997 முதல் நார்வே தலைமையில் ஆறு நாடுகளைச் சேர்ந்தவர்கள் கையில் ஆயுதமின்றிச் சந்துகளிலும் சோதனைச் சாவடிகளிலும் நடந்து, கண்டதைக் குறித்துவைத்தார்கள். தடுக்கவோ கைது செய்யவோ அவர்களுக்கு அதிகாரமில்லை. 2002-ல் அவர்களில் இருவர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இருந்தும் பணி நிற்கவில்லை. ஆனால் அவர்கள் எழுதிய அறிக்கைகள் பொதுமக்கள் பார்வைக்கு வரவில்லை. இரு தரப்புக்கும் ஆள் அனுப்பிய நாடுகளுக்கும் மட்டுமே போயின. ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரு தரப்பும் ஒப்பினால்தான் நீட்டிப்பு. 2019 ஜனவரியில் இஸ்ரேல் நீட்டிக்க மறுத்தது. பார்வையாளர்கள் ஊர் திரும்பினார்கள்.

சினாய் பாலைவனம், ஹெப்ரான் மக்கள் நெருங்கி வாழும் நகரம், இரண்டையும் ஒன்றாக வைக்கலாமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. எகிப்தும் இஸ்ரேலும் ஏறக்குறைய நிகரான படைபலத்தோடு பேசிய அரசுகள். பாலஸ்தீனருக்கு அந்த வாய்ப்பே இல்லை. என் வாதத்துக்கு அதுவே வலுச் சேர்க்கிறது. ஒரு தரப்பு மெலிந்திருக்கும் இடத்தில் ஜாமீன் இன்னும் இறுக்கமாக இருக்க வேண்டாமா? இஸ்ரேலும் பாலஸ்தீனரும் செய்த 1993 ஓஸ்லோ உடன்படிக்கையில் இடைக்காலம் ஐந்தாண்டுகள் என்று போட்டார்கள். 1999 மே மாதம் கெடு முடிந்தது. கெடு தவறினால் என்ன என்று கேட்க யாரும் நியமிக்கப்படவில்லை. 1993-ல் மேற்குக் கரையில் சுமார் 1,10,000 ஆக இருந்த குடியேற்றவாசிகள், கிழக்கு ஜெருசலேமைச் சேர்க்காமலே, இன்று ஐந்து லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள்.

ஜாமீன் இல்லாததற்குக் கொடுத்த விலை சிறியதல்ல. 2023 அக்டோபர் 7 தாக்குதலில் இஸ்ரேலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டார்கள். பின்தொடர்ந்த போரில் காஸாவில் 60,000-க்கும் மேற்பட்டோர் இறந்ததாக அங்குள்ள சுகாதார அமைச்சகம் கூறுகிறது. 2025 அக்டோபரில் போர்நிறுத்தம் வந்தது. நவம்பர் 17 அன்று பாதுகாப்பு அவை 2803-ஆம் தீர்மானத்தின் வழியாகக் காஸாவுக்கு ஒரு பன்னாட்டு நிலைப்படுத்தும் படையை அனுமதித்தது. ஆதரவு 13 வாக்குகள். ரஷ்யாவும் சீனாவும் வாக்களிக்கவில்லை. அனுமதியின் கெடு 2027 டிசம்பர் 31.

இப்படிப்பட்ட ஆவணம் உங்கள் மேசைக்கு வரும்போது முகவுரையின் அழகில் மயங்கிவிடாதீர்கள். நான்கு கேள்விகளைக் கேளுங்கள். இந்தப் படையை யார் தனியாகப் போகச் சொல்லலாம்? இரு தரப்பு மண்ணிலும் அது நிற்குமா? அதன் அறிக்கையை யார் படிப்பார்கள்? யாருடைய வாழ்வு இதில் தீர்மானிக்கப்படுகிறதோ அவர்கள் பேச்சு மேசையில் இருக்கிறார்களா? காஸா, சினாய், ஹெப்ரான், ஓஸ்லோ நான்கும் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட்டன. கேட்க ஆள்தான் வேண்டும்.

உங்களில் சிலர் வெளியுறவுப் பணிக்குப் போவீர்கள், சிலர் நீதிமன்றத்துக்கு, சிலர் செய்தித்தாளுக்கு. எங்கே போனாலும் முதல் பக்கத்தின் கையெழுத்துகளைப் பார்த்த கையோடு, கடைசிப் பக்கத்தின் பிற்சேர்க்கையையும் வரி விடாமல் படியுங்கள். வாக்குறுதி முன்பக்கத்தில் இருக்கும். பொறுப்பு பின்பக்கத்தில் இருக்கும். பின்பக்கம் வெற்றாக இருந்தால், அதை எழுதுகிறவர்களாக நீங்கள் இருங்கள்.