காரமும் நாமும்

(நம் சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே வழக்கம். இவ்வாண்டு செயலாளர் அவர்கள், "அடுப்படியைப் பற்றி ஏதேனும் பேசுங்கள்" என்று பணித்தார்கள். நாம் மிளகாயைத் தேர்ந்துகொண்டோம். அதற்குக் காரணம் உண்டு. நம் குடியிருப்பில் பெரியவர்கள் கூடுமிடத்தில் அடிக்கடி கேட்கும் குறை ஒன்று: "இங்கே பிறந்த பிள்ளைகளுக்குக் காரம் சாப்பிடத் தெரியவில்லை. தமிழ் நாக்கே போய்விட்டது." இளைஞர்களிடையேயோ வேறொரு பழக்கம் தோன்றியிருக்கிறது. யார் மிகுந்த காரத்தைத் தின்று தாங்குவது என்று பந்தயம் கட்டுகிறார்கள். முன்னவர் காரத்தைக் கொண்டு தமிழை அளக்கிறார்கள். பின்னவர் வீரத்தை அளக்கிறார்கள். இவ்வளவுகோல் சரியானதுதானா என்பதே இன்று நாம் ஆராய வந்த பொருள்.

முதலில் மிளகாயின் வரலாற்றைச் சிறிது காண்போம். சங்கப் புலவர் எவரும் மிளகாயைச் சுவைத்தவரல்லர். அக்காலத் தமிழர்க்குக் காரம் தந்தவை மிளகும் இஞ்சியும் திப்பிலியும் கடுகுமே. மிளகுக்கு அந்நாளில் 'கறி' என்றும் பெயர். யவனர் முசிறித் துறைக்குப் பொன்னைக் கொணர்ந்து மிளகை ஏற்றிச் சென்ற செய்தி அகநானூற்றில் உள்ளது. மிளகாயின் தாயகம் மெக்சிகோவும் அதனை அடுத்த அமெரிக்க நிலங்களும் ஆகும். 1492இல் கொலம்பசு மிளகு நாட்டைத் தேடிப் புறப்பட்டு, மிளகாய் நாட்டைக் கண்டார். 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டை அடைந்தார். அவர்க்குப் பின் வந்த போர்த்துகீசியர் 16ஆம் நூற்றாண்டில் மிளகாயை இந்நாட்டிற்குக் கொணர்ந்தனர். ஆகவே, நாம் தொன்மையானதென்று கருதும் காரக்குழம்பின் செந்நிறத்திற்கு வயது ஏறக்குறைய 500 ஆண்டுகளே.

புதிதாக வந்த இக்காய்க்கு நம் முன்னோர் பெயரிட்ட முறையும் நோக்கத்தக்கது. மிளகைப்போல் காரமுடைய காய் ஆதலின் மிளகாய் என்றனர். கன்னடத்திலும் மெணசு என்னும் மிளகின் பெயரிலிருந்தே மெணசினகாயி பிறந்தது. இந்தியில் வழங்கும் மிர்ச் என்பது மரீசம் என்னும் வடசொல்லின் வழிவந்தது. அதற்கும் மிளகென்பதே பொருள். மலையாளத்திலோ வந்த விருந்தாளி வீட்டையே பிடித்துக்கொண்டது. இன்று அங்கே முளகு என்றாலே மிளகாய். பழைய மிளகு, குருமுளகு என்று அடைமொழி பூண்டு நிற்கிறது. வங்காளத்தார் இதனை லங்கா என்கின்றனர். இலங்கை வழியே வந்ததென்று எண்ணினர் போலும்.

சென்ற கார்த்திகைத் திங்களில் நம் சங்கத்தைச் சேர்ந்த ஏழு குடும்பத்தினர் பழைய தில்லியிலுள்ள காரி பாவலிக்குச் சென்றிருந்தோம். சாந்தினி சௌக்கின் மேற்குக் கோடியில், பதேபுரி மசூதியின் அருகே உள்ளது இம்மசாலைக் கடைத்தெரு. உவர்நீர்ப் படிக்கிணறு என்பதே அப்பெயரின் பொருள். அக்கிணறு இன்றில்லை, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. கடோடியா மார்க்கெட் என்னும் பழைய கட்டடத்தின் படியேறும்போதே தும்மலும் இருமலும் நம்மை வரவேற்றன. மூட்டை சுமப்போர் முகத்தைத் துணியால் மூடியிருந்தனர். அங்கே வருவோரில் தும்மாதவர் அரியர்.

ஒரு மிளகாய் மண்டியில் நின்றோம். எங்களுடன் வந்த மூதாட்டியார், "நல்ல காரமான மிளகாய் காட்டுங்கள்" என்றார். வணிகர் மிளகாயை எடுக்கவில்லை. "எதற்கு வேண்டும், மாதாஜி? ஊறுகாய்க்கா, தாளிப்பதற்கா, நிறத்திற்கா?" என்று கேட்டார். எவ்வளவு காரம் என்பதற்கு முன், எதற்குக் காரம் என்று அவர் கேட்டது எங்கள் சிந்தையில் பதிந்தது. பிறகு ஒவ்வொரு மூட்டையாகத் திறந்து காட்டினார். குண்டூர் மிளகாய் நெடிது எரியும். கர்நாடகத்துப் பேடகி மிளகாய் தோல் சுருங்கி, இரத்தச் சிவப்பாக இருக்கும். நிறம் மிகுதி, காரம் குறைவு. காசுமீர மிளகாயும் நிறத்திற்கே பெயர்பெற்றது. இராசத்தானத்து மதானியா மிளகாயை அந்நாட்டு இறைச்சிக் குழம்பிற்கு வாங்குவார்களாம். கடைசியாக, ஒரு மூலையிலிருந்த சிறு மூட்டையிலிருந்து நம் இராமநாதபுரத்துக் குண்டு மிளகாயை அள்ளிக் காட்டினார். மூதாட்டியாரின் முகம் மலர்ந்ததைச் சொல்லவும் வேண்டுமோ! பேடகி 2011லும், இராமநாதபுரம் குண்டு மிளகாய் 2023லும் புவிசார் குறியீடு பெற்றவை. உலர்ந்த மிளகாய் விளைவிப்பதில் உலகில் முதலிடம் நம் நாட்டிற்கே உரியது. அந்நாட்டின் பல மண்களும் அன்று ஒரே கூரையின்கீழ் எங்கள் முன் இருந்தன.

இனி, காரம் என்பது யாது? நம்மவர் கார்ப்பை அறுசுவையுள் ஒன்றாக வைத்தனர். இக்கால அறிவியலோ அதனைச் சுவையென்று கொள்வதில்லை. சுடும் உணர்ச்சி என்கிறது. மிளகாயிலுள்ள காப்சைசின் என்னும் பொருள், வெப்பத்தை உணரும் நரம்பு முனைகளைத் தூண்டுகிறது. ஏறக்குறைய 43 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டினால் விழிப்படையும் அதே வாயில் காப்சைசினாலும் திறக்கிறது. 1997இல் இதனைக் கண்டறிந்தவர் டேவிட் ஜூலியஸ் என்னும் அமெரிக்க அறிஞர். அவர் 2021இல் ஆர்டெம் பட்டாபூட்டியன் என்பாரோடு மருத்துவ நோபல் பரிசு பெற்றார். "வாய் எரிகிறது" என்று நம் குழந்தைகள் கதறும்போது அறிவியலுக்குப் பொருந்தவே பேசுகிறார்கள். பறவைகளுக்கு இவ்வெரிச்சல் இல்லை. கூண்டுக்கிளி மிளகாய்ப் பழத்தைக் கொறித்துக் களிப்பது இதனாலேயே. காப்சைசின் மிகுதியாக இருப்பது விதையில் அன்று; விதையைத் தாங்கும் வெண்ணிறச் சதையில். அது நீரில் கரையாது, கொழுப்பில் கரையும். ஆதலின் எரியும் வாய்க்குத் தண்ணீர் துணை செய்யாது. பாலும் தயிருமே துணை.

காரத்தை அளக்கவும் முறை உண்டு. 1912இல் வில்பர் ஸ்கோவில் என்னும் அமெரிக்க மருந்தியலார், மிளகாய்ச் சாற்றைச் சர்க்கரை நீரில் மேலும் மேலும் கலந்து, சுவைப்போர் நாவில் எரிச்சல் அறவே தோன்றாத நிலை வரும்வரை எத்தனை மடங்கு நீர்க்க வேண்டியிருந்தது என்று கணக்கிட்டார். குடைமிளகாய்க்கு அவர் அளவில் சுழியமே கிடைக்கும். நம் வடகிழக்கின் பூத் ஜொலோக்கியா 10 லட்சத்தைத் தாண்டி, 2007இல் உலகின் மிகக் காரமான மிளகாய் என்று கின்னஸ் நூலில் இடம்பெற்றது. 2023இல் அப்பட்டத்தைப் பெற்ற பெப்பர் எக்ஸ் என்னும் அமெரிக்க மிளகாயின் அளவு 26,93,000.

அந்தப் பூத் ஜொலோக்கியாவின் இனமான நாகாலாந்து மிளகாயைச் சுவைக்கவே, மறுவாரம் தில்லி ஹாட்டிற்குச் சென்றோம். நாகாலாந்துக் கடையில் மூங்கில் குருத்தோடு கலந்த ஊறுகாய், புளிக்கவைத்த சட்னி, புட்டியிலிட்ட மிளகாய்ச் சாறு எனப் பல இருந்தன. மிளகாயும் உப்பும் காடியும் சேர்த்துச் சாறு செய்வது மேலைநாட்டிலும் பழைய தொழில்தான். லூசியானாவில் 1868 முதல் விற்கும் டபாஸ்கோ அதற்குச் சான்று. நாங்கள் ஒரு துளியை மோமோவில் தொட்டு உண்டோம். முதலில் பழத்தின் நறுமணம் எழுந்தது. ஒரு கணம் கழித்து நெருப்பு எழுந்தது; கண்ணீரும் விக்கலும் ஒருங்கே வந்தன.

எங்கள் இளைஞர் இருவர், முழு மிளகாயைத் தின்று காட்டுவதாகப் பந்தயம் கட்டினர். கடைக்கார அம்மையார் கொடுக்க மறுத்துவிட்டார். "எங்கள் வீட்டில் ஒரு பானைக் குழம்பிற்கு ஒன்று போதும், தம்பி. இது விளையாட்டுப் பொருளன்று" என்ற கருத்துப்பட இந்தியில் கூறினார். அம்மிளகாய் எவர் மண்ணில் விளைகிறதோ அவரே அதனை அவ்வளவு அளவோடு கையாளுகின்றனர் என்பதை எண்ணிப் பாருங்கள். பந்தயம் சிறு செய்தியன்று. 2023இல் அமெரிக்காவில் 14 வயதுச் சிறுவன் ஒருவன், அறைகூவலாக விற்கப்பட்ட கடுங்கார வறுவலைத் தின்ற அன்றே உயிர்நீத்தான். மிகுந்த காப்சைசினை உட்கொண்ட நிலையில் இதயம் நின்றதென்று பிரேதப் பரிசோதனை கூறியது; அவனுக்கு இதயக் குறைபாடும் இருந்தது. தன் குறையைத் தானே அறியாத பிள்ளை நம்மிடையேயும் இருத்தல் கூடும்.

பெரியோர்களுக்கும் ஒரு சொல். காரம் தாங்குவது குருதியில் மட்டும் வருவதன்று, பழக்கத்திலும் வருவது. சிறிது சிறிதாக உண்ண உண்ண நரம்பின் கூச்சம் தணியும். எனவே காரம் குறைத்து உண்ணும் பிள்ளையைத் தமிழ் மறந்த பிள்ளை என்று பழிப்பது நியாயமன்று. கடல் கடந்து வந்த காய் 500 ஆண்டில் நம்முடையதாயிற்றென்றால், நம் பிள்ளைகள் தாம் பிறந்த ஊரின் சுவையைத் தமதாக்கிக்கொள்வதில் குற்றம் என்ன?

பிள்ளைகள் இழக்கக்கூடாதது ஒன்று உண்டு, அது கைப்பக்குவம். சாம்பார்ப் பொடிக்கு மிளகாயைக் கருகாமல் வறுக்கும் பதம், மோர் மிளகாயைத் தயிரில் ஊறவைத்து வெயிலில் காய வைக்கும் முறை, காரம் மிஞ்சிய குழம்பைத் தேங்காய் அரைத்துவிட்டுத் திருத்தும் நுணுக்கம் — இவை எந்தக் கடையிலும் கிடைப்பவை அல்ல. மகனாயினும் மகளாயினும் இவ்வாண்டு ஒரு நாள் அடுப்பருகே நிறுத்தி இவற்றைக் கற்றுக்கொடுங்கள். 'எவ்வளவு தாங்குவாய்?' என்று கேளாமல், 'எதற்கு எவ்வளவு வேண்டும்?' என்று கேட்கப் பழக்குங்கள். நாக்கு தன் வழியைத் தானே கண்டுகொள்ளும்.